மணிமேகலா தெய்வம் மறந்துவிட்ட மந்திரம்

[திரை: விடியற்பொழுது. ஆளற்ற தீவின் மணற்கரை. வானில் ஓர் ஒளி மேலெழுந்து செல்கிறது. பாதியில் நின்று திரும்புகிறது.]

ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு மந்திரங்களைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒரு தெய்வம் வானில் எழுகிறது. எழுந்த பிறகு, 'மறந்ததும் உண்டு' என்று மீண்டும் தரைக்கு இறங்கி வந்து, மூன்றாவது மந்திரம் ஒன்றையும் கொடுத்த பின்னரே விண்வழியே போகிறது. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், பத்தாவது காதையான 'மந்திரம் கொடுத்த காதை'யின் இறுதியில் இக்காட்சி வருகிறது. தெய்வத்துக்கும் மறதி உண்டா என்று சிரித்துவிட்டு நாம் கடந்துவிடக்கூடிய இடம் இது. ஆனால் மறந்துபோன அந்த மந்திரம் எது என்பதைக் கவனித்தால், மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட திறன்களைப் பற்றி இந்தக் காப்பியம் என்ன நினைக்கிறது என்பது தெரியவரும்.

முதல் மந்திரம் வேற்றுருக் கொள்வதற்கு. இரண்டாவது வானில் செல்வதற்கு. இவ்விரண்டும் நமக்குப் பழகியவை. இதிகாசங்கள் தொடங்கி அம்புலிமாமா கதைகள் வரை, விட்டலாச்சார்யா படங்கள் தொடங்கி இன்றைய சூப்பர் ஹீரோ படங்கள் வரை, பறக்காத கதையும் உருமாறாத கதையும் குறைவு. மூன்றாவது மந்திரம் பசியை அறுப்பது. மக்கள் யாக்கை உணவால் ஆன பிண்டம் என்று காரணம் சொல்லித்தான் தெய்வம் அதைக் கொடுக்கிறது. சாகச நாயகர்களின் திறன்களைப் பட்டியலிடச் சொன்னால் இந்த மூன்றாவதை எவரும் எளிதில் நினைக்கமாட்டார்கள், தெய்வமே நினைக்கவில்லை.

[திரை: புகார் நகரம். இந்திர விழாக் கொடிகள். உவவனத்தின் பூக்கள்.]

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மணிமேகலை, கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள். கோவலன் மதுரையில் கொல்லப்பட்ட செய்தி கேட்டு மாதவி துறவு பூண்டு, அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்கிறாள். மகளையும் அந்த வழியிலேயே நடத்துகிறாள். சோழ இளவரசன் உதயகுமரனோ மணிமேகலையைத் தன்னவளாக்கிக்கொள்ளத் துடிக்கிறான். உவவனத்துக்குப் பூப்பறிக்கச் சென்ற மணிமேகலையை அவன் தேரேறித் தொடர்ந்து வந்த நாளின் இரவில், மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே எடுத்துச்சென்று, தெற்கே 'ஆறைந்து யோசனை', அதாவது முப்பது யோசனை தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. இந்தத் தீவை யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவு என்று அடையாளம் காண்போர் பலர். அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்குத் தன் முற்பிறப்பு விளங்குகிறது. அப்பிறப்பில் தன் கணவனாக இருந்த இராகுலனே இப்போது உதயகுமரனாகப் பிறந்திருக்கிறான் என்பதையும் அவள் அறிகிறாள். அதற்குப் பிறகுதான் மந்திரங்கள் வருகின்றன. உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் பதிப்பித்த பிறகே பரவலாகப் படிக்கக் கிடைத்த இந்நூலில் மொத்தம் 30 காதைகள் உள்ளன. நாயகி மூன்று மந்திரங்களையும் பெறுவது கதையின் மூன்றில் ஒரு பகுதி முடியும் இடத்தில்.

இவற்றை அவள் தவம் செய்து பெறவில்லை. வரமாகக் கேட்கவும் இல்லை. வெல்வதற்கென்று அவளுக்கு ஓர் அசுரனும் இல்லை. அப்படியானால் எதற்காக இவை?

[திரை: கடலுக்கு மேல் மேகங்களினூடே செல்லும் ஒரு நிழல்.]

வானில் செல்லும் திறனை முதலில் எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணிபல்லவத்திலிருந்து புகாருக்கும், பின்னர் கடல் கடந்த சாவக நாட்டுக்கும், அங்கிருந்து மீண்டும் மணிபல்லவத்துக்கும், அதன்பின் சேரர் தலைநகரான வஞ்சிக்கும், வஞ்சியிலிருந்து காஞ்சிக்கும் அவள் வான்வழியே செல்கிறாள். சாவகத்து அரசன் புண்ணியராசன் கப்பலேறி மணிபல்லவம் வருகிறான். சாவகத்தில் அவனிடம் பேசியிருந்த மணிமேகலையோ வானத்தில் முன்னதாகவே வந்து சேர்ந்து கரையில் அவனை எதிர்கொள்கிறாள். வானில் போர் கிடையாது, துரத்தல் கிடையாது. நமக்குப் பேருந்து எப்படியோ அப்படித்தான் சாத்தனாருக்கு இந்த மந்திரம். ஆயினும் அந்த வானம் ஆபத்தில்லாததும் அன்று. விந்திய மலைக்கு மேலே பறப்போரின் நிழலைப் பற்றி இழுத்து விழுங்கிவிடும் விந்தாகடிகை என்னும் காவல் தெய்வம் ஒன்று உண்டு. அதன் வயிற்றுக்குள் போன ஒருத்தியைப் பற்றிச் சற்று நேரத்தில் சொல்கிறோம்.

உருமாறும் மந்திரத்துக்குத் தெய்வம் கூறும் காரணம் இந்த நூலிலேயே மிகக் கூர்மையான இடங்களில் ஒன்று. நீ பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் பொருளைக் கேட்க இருக்கிறாய். ஆனால் உன்னைக் கண்டதும் 'இளையள் வளையோள்', வயதில் சிறியவள், வளையணிந்த பெண் என்று எண்ணி எவரும் தங்கள் கொள்கையின் உட்பொருளைச் சொல்லமாட்டார்கள். ஆகவே வேற்றுருக் கொள்ளக் கற்றுக்கொள் என்கிறது. பகைவரை ஏமாற்றவும் ஒற்றறியவும் காதலியை அடையவும் உருமாறிய தேவர்களையும் அரக்கர்களையும் நாம் ஏராளமாகப் பார்த்திருக்கிறோம். பெண் என்பதால் கதவடைக்கும் ஆசிரியர்களிடம் பாடம் கேட்பதற்காக ஒருத்தி உருமாற வேண்டியிருந்தது என்று எழுதிய கவிஞர் வேறெவரேனும் உண்டோ என்று நாங்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் கொடுத்த காரணத்துக்காக அந்த மந்திரம் பயன்படுவது இருபத்தேழாம் காதையில்தான். அதற்குள் பதினாறு காதைகள் கழிந்துவிடுகின்றன; ஓர் உயிரும் போய்விடுகிறது.

[திரை: நாவல் மரம். தரையில் நசுங்கிக் கிடக்கும் ஒரே ஒரு பெரிய கனி.]

அந்த உயிர் போன கதையைச் சொல்வதற்குக் காயசண்டிகையிடமிருந்து தொடங்க வேண்டும். இவள் விஞ்சையர் குலத்துப் பெண். பிறப்பிலேயே வானில் உலாவும் ஆற்றல் உடையவள். கணவன் காஞ்சனனுடன் பொதிய மலைப் பக்கம் வந்தவள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் ஒரே ஒரு நாவற்கனியை உண்டு நோன்பிருக்கும் விருச்சிக முனிவரின் கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். நான் பன்னிரண்டு ஆண்டு பசித்திருக்க வேண்டியதாயிற்று, நீயும் அவ்வாறே பசித்திரு என்பது முனிவரின் சாபம். எவ்வளவு உண்டாலும் அடங்காத 'யானைத்தீ' என்னும் பசிநோய் அவளைப் பற்றுகிறது. அத்துடன் வானில் செல்லும் மந்திரமும் அவளை விட்டு நீங்குகிறது. ஏழைகளுக்கு உதவும் செல்வர் நிறைந்த நகரம் ஒன்று தமிழகத்தில் உண்டு, பல நாள் ஆனாலும் தரைவழியே நடந்து அங்கே போய்ச் சேர் என்று கணவன் சொல்ல, பறக்கப் பிறந்தவள் புகாருக்கு நடந்தே வருகிறாள்.

பசியும் பறத்தலும் ஒரே சாபத்தில் கட்டப்பட்டிருப்பதைப் பாருங்கள். பசி வந்தால் பறப்பது போய்விடும். தெய்வம் வானிலிருந்து இறங்கி வந்து மூன்றாவது மந்திரத்தைக் கொடுத்ததன் பொருள் எனக்குத் தெளிவானது இந்தச் சாபத்தைப் படித்தபோதுதான். சாத்தனார் இரண்டு இடங்களையும் ஒன்றோடொன்று இணைத்துப் பேசவில்லை. இணைத்துப் படிப்பது என் வாசிப்பு.

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்திலிருந்து மணிமேகலை அளித்த உணவால் காயசண்டிகையின் பசி தீர்கிறது. மகிழ்ந்து வானில் எழுந்து ஊர் திரும்புகையில், விந்திய மலையைச் சுற்றிப் போகாமல் அதற்கு மேலாகவே பறந்துவிடுகிறாள். விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போனவள் இவளே. பன்னிரண்டு ஆண்டுப் பசியைத் தாங்கியவள், பசி நீங்கிப் பறந்த முதல் பயணத்திலேயே இறக்கிறாள்.

இது புகாரில் எவருக்கும் தெரியாது. மணிமேகலை உணவளித்து வந்த பொது அம்பலமான உலக அறவிக்கே உதயகுமரன் தேடி வந்துவிட்டதால், அவன் கண்ணில் படாதிருக்க மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த உருவத்திலேயே சிறைக்கோட்டத்துக்குச் சென்று கைதிகளுக்கு உணவளிக்கிறாள். அரசனிடம் வேண்டி அச்சிறையை அறக்கோட்டமாக மாற்றவும் செய்கிறாள். இதற்கிடையில் சாபத்தின் பன்னிரண்டு ஆண்டு முடிந்ததென்று மனைவியைத் தேடிக் காஞ்சனன் வருகிறான். அவன் கண்முன் நிற்பவள் அவன் மனைவியின் உருவம். ஆனால் அவள் அவனைப் பொருட்படுத்தாமல் ஓர் இளவரசனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். இளமையும் அழகும் நிலையாதவை என்பதை ஒரு நரைத்த மூதாட்டியைக் காட்டி அவள் உதயகுமரனுக்கு அறிவுறுத்துகிறாள் என்பது காஞ்சனனுக்கு எப்படித் தெரியும்? அன்று நள்ளிரவில் அவளைத் தேடி வந்த உதயகுமரனை மறைந்திருந்த காஞ்சனன் வாளால் வெட்டி வீழ்த்துகிறான். பின்னர் அவளை நெருங்கிய காஞ்சனனைத் தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை 'அணுகல் அணுகல்' என்று தடுத்து, இவள் உன் மனைவி அல்லள் என்று கூறி, காயசண்டிகைக்கு நேர்ந்ததையும் சொல்கிறது.

வழக்கமான சாகசக் கதையாக இருந்தால் மாறுவேடம் நாயகியைக் காப்பாற்றும். இங்கேயும் காப்பாற்றத்தான் செய்கிறது. ஆனால் இன்னொருத்தியின் உருவத்தை எடுத்தவள் அந்த உருவத்தோடு ஒட்டியிருந்த கணவனையும் அவனுடைய பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிட்டாள். கந்திற்பாவை இதற்கு முற்பிறவி வினையைக் காரணமாகக் கூறுகிறது. பௌத்த நூலில் அந்த விளக்கம் எதிர்பார்க்கத் தக்கதே. எனினும் தன் உருவுக்குத் திரும்பிய மணிமேகலை இறந்து கிடப்பவனைப் பார்த்துப் புலம்பும் வரிகளில், வினைக்கோட்பாடு முழுவதும் ஆற்றிவிடாத ஒரு துயரம் இருக்கிறது.

[திரை: நீருக்குள்ளிருந்து எழும் ஒரு பாத்திரம். முழுநிலவு.]

அமுதசுரபியையும் பசியறுக்கும் மந்திரத்தையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மந்திரம் அவளுடைய பசிக்கு. பாத்திரம் பிறருடைய பசிக்கு. வைகாசி விசாகத்தன்று மணிபல்லவத்தின் கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்து அவள் கைக்கு வந்த பாத்திரம் அது. வாங்குவோரின் கை ஓய்ந்தாலும் ஓயுமேயன்றி அதில் இட்ட உணவு குறையாது என்று அத்தீவின் காவல் தெய்வமான தீவதிலகை அதன் இயல்பைச் சொல்கிறாள். முதல் பிச்சையைக் கற்புடைய பெண் ஒருத்தியிடம் பெறவேண்டும் என்பதால் ஆதிரையின் வாசலுக்குப் போகிறாள் மணிமேகலை.

இந்தப் பாத்திரம் முன்பு ஆபுத்திரனிடம் இருந்தது. அவன் கதையில், ஒரு திறனை எப்படி முறியடிப்பது என்பதற்கு நான் படித்தவற்றுள்ளேயே தந்திரமான விடை இருக்கிறது. தாயால் கைவிடப்பட்டு ஒரு பசுவால் ஏழு நாள் பாலூட்டிக் காக்கப்பட்டவன் ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவிக்க முயன்றதால் ஊராரால் துரத்தப்பட்டு, மதுரையில் பிச்சையெடுத்து, கண்ணில்லாதோர்க்கும் காலில்லாதோர்க்கும் ஊட்டிவிட்டு எஞ்சியதை உண்டு வாழ்ந்தான். ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஏதுமின்றி அவன் வருந்தியபோது அங்குள்ள கோயிலின் தெய்வமான சிந்தாதேவி அமுதசுரபியை அளிக்கிறாள். பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொய்த்திருந்த காலம் அது. அவனுடைய அறத்தால் இந்திரனின் ஆசனம் நடுங்க, இந்திரன் முதியவன் வடிவில் வந்து, என்ன வேண்டும் கேள் என்கிறான். ஆபுத்திரன் விலா எலும்பு முறியும்படி சிரிக்கிறான். அறம் செய்வோரும் தவம் செய்வோரும் பற்றறுக்க முயல்வோரும் இல்லாத நாட்டுக்குத் தலைவனாகிய நீ எனக்கு என்ன தரப்போகிறாய், இந்தப் பாத்திரமே போதும் என்கிறான்.

சினம் கொண்ட இந்திரன் அவனைத் தண்டிக்கவில்லை. பாத்திரத்தைப் பறிக்கவும் இல்லை. மழையைப் பெய்வித்தான். அவ்வளவுதான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லாமற்போயினர், ஆபுத்திரன் ஊர் ஊராக அலைந்து உண்ண வருவோர் உண்டோ என்று கேட்டு ஏளனத்துக்கு உள்ளானான். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிவதாகக் கப்பலில் வந்தவர்கள் சொல்ல, அங்கே போகக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத்தில் ஒருநாள் கப்பல் தங்கியபோது இறங்கியவனை விட்டுவிட்டு இரவில் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது. எத்தனை பேர்க்கும் குறையாமல் உணவளிக்கும் பாத்திரம் கையில். உண்ண ஒருவரும் இல்லாத தீவு காலடியில். பல உயிர்களைக் காக்கும் இது என் ஒருவன் உயிரை மட்டும் காப்பதை நான் பொறுக்கமாட்டேன் என்று சொல்லி, ஆண்டுக்கொருமுறை தோன்று, அருளுடையோர் வந்தால் அவர் கைக்குச் செல் என்று அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். சாவகத்துப் புண்ணியராசன் இவனுடைய மறுபிறப்புதான்.

மழை பெய்தது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆபுத்திரனின் துயரம் சற்று விந்தையானது. பசித்தவர் இல்லையே என்று ஓர் அறவோன் வருந்துவதை முழுமனத்தோடு ஏற்க எனக்கு இன்றும் இயலவில்லை. சாத்தனார் அந்தச் சிக்கலை அவிழ்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்.

[திரை: காற்றில்லாத அறை. சுவரில் ஒரு சிறு ஒளிக்கீற்று.]

இனி, மூன்று மந்திரங்களும் ஒன்றாகச் சோதனைக்கு உள்ளாகும் இடத்துக்கு வருவோம். அது இருபத்துமூன்றாவது காதையான 'சிறைவிடு காதை'. மகன் உதயகுமரனை இழந்த அரசி இராசமாதேவி, அவன் கொலைக்குப் பின் சிறையில் வைக்கப்பட்ட மணிமேகலையை அரசனிடம் சொல்லி விடுவித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறாள். வெளிப்பார்வைக்குக் கருணை, உள்ளே பழிவாங்கும் எண்ணம். முதலில் அறிவை மயக்கும் மருந்தை ஊட்டச் செய்கிறாள். முற்பிறப்பு உணர்ந்த மணிமேகலையின் அறிவு திரியவில்லை. அடுத்து ஓர் இளைஞனுக்குக் கை நிறையப் பொருள் கொடுத்து, அவளைக் கெடுத்துவர அனுப்புகிறாள். அவன் வரும்போது மணிமேகலை ஆணுருவில் இருக்கிறாள், அவன் அஞ்சி ஊரை விட்டே ஓடுகிறான். மூன்றாவதாக, இவளுக்கு நோய் என்று பொய் சொல்லிப் புழுக்கமான அறையில் உணவின்றி அடைத்துவிடுகிறாள். பசியறுக்கும் மந்திரம் இருப்பதால் அவள் உடல் வாடவே இல்லை. தெய்வம் மறந்துவிட்டுத் திரும்பி வந்து கொடுத்த மந்திரம் பயன்படுவது இங்கேதான். மற்ற இரண்டு மந்திரங்கள் மட்டும் இருந்திருந்தால், அந்த அறையில் உருவத்தை மாற்றிக்கொண்டிருந்தாலும் பசித்தே இறந்திருப்பாள்.

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: பறக்கத் தெரிந்தவள் ஏன் தப்பிச் செல்லவில்லை? சாகசக் கதைகளில் நாம் அடிக்கடி கண்டுபிடிக்கும் ஓட்டைகளில் இதுவும் ஒன்று. நாயகனின் திறனை ஆசிரியர் தேவைப்படும்போது நினைவில் வைத்து, தேவைப்படாதபோது மறந்துவிடுவார். சாத்தனார் மறக்கவில்லை. அக்கேள்விக்கு மணிமேகலையின் வாயாலேயே விடை சொல்ல வைக்கிறார். நடுங்கித் தொழுத அரசியிடம், நீ உன் மகனின் உடலுக்காக அழுதாயா, உயிருக்காக அழுதாயா என்று அவள் கேட்கிறாள். உடலுக்காக என்றால், அதை எடுத்துச்சென்று சுடுகாட்டில் இட்டவர் யார்? அதன் பின், உன் வஞ்சத்திலிருந்து நான் பிழைத்தது பசியறுக்கும் மந்திரத்தால்தான் என்று ஒப்புக்கொள்கிறாள். தொடர்ந்து வரும் வரி: 'அந்தரம் சேறலும் அயலுருக் கோடலும் சிந்தையிற் கொண்டிலேன்'. வானில் போய்விடவோ வேறுருக் கொண்டு தப்பிவிடவோ நான் நினைக்கவே இல்லை. சென்ற பிறவியில் என் காதலனாக இருந்தவனைப் பெற்றவள் நீ, உன் கடுந்துயரைக் களையவே இங்கே இருந்தேன் என்கிறாள்.

தன்னைப் பட்டினி போட்டவளின் துயரத்தைத் தீர்ப்பதற்காக அவள் அந்த அறையிலேயே இருந்திருக்கிறாள். இருப்பதற்கு மூன்றாவது மந்திரம் உதவியது; போவதற்கான இரண்டும் கைவசம் இருந்தும் எடுக்கப்படவில்லை. அரசி அவளை வணங்க முற்படுகிறாள். நீ என் கணவனின் தாய், நீ என்னை வணங்குதல் தகாது என்று மணிமேகலை அவளை வணங்குகிறாள்.

[திரை: வஞ்சி நகரத்து மன்றம். வட்டமாக அமர்ந்து வாதிடும் சமயத்தார். ஓரத்தில் ஒரு முதிய தவசி.]

வஞ்சியில்தான், நாம் முன்பே சொன்னபடி, உருமாறும் மந்திரம் தன் உண்மையான வேலையைச் செய்கிறது. ஆண்தவசி ஒருவரின் கோலத்தில் சென்று அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் அவள் கேட்கிறாள். எல்லோரும் தயங்காமல் சொல்கிறார்கள். வளையல் மறைந்ததும் வாய் திறந்துவிட்டது.

காஞ்சியில் பஞ்சம் தீரப் பாத்திரத்தால் உணவளித்த பின், இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகளின் முன் வந்து நிற்கிறாள். வஞ்சியில் மாதவன், அதாவது பெருந்தவசி, வடிவெடுத்துப் பிற சமயங்களைக் கேட்டேன் என்று சொல்லும்போது, அந்த வேற்றுருவைப் போலவே அச்சமயங்களும் செவ்விதாக இல்லாமையால் அவற்றை மனத்தில் வைக்கவில்லை என்கிறாள். அடிகள் மெய்ப்பொருளை அருள வேண்டும் என்று கேட்கிறாள். எஞ்சியிருக்கும் இரண்டு காதைகளிலும் பெரும்பாலும் அளவை இலக்கணமும் (தர்க்கம்), பிறப்பும் துன்பமும் எப்படித் தோன்றுகின்றன என்று விளக்கும் பன்னிரு நிதானங்களுமே உள்ளன. பெண்ணாகவே, தன் உருவத்திலேயே அமர்ந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்; அடிகள் எதையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

[திரை மெல்ல இருள்கிறது.]